பழியில் பாதி

அக்டோபர் 5, ஞாயிறு

சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். கம்பெனியில் பெரிய கிரேன் படுத்துவிட்டதால் இந்த வாரம் ஏ ஷிஃப்ட் கிடையாதாம். போன வாரம் போலவே இந்த வாரமும் எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். விடியுமுன் எழுந்து துவாக்குடிக்கு ஓட வேண்டியதில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும்.

ஜெசிந்தா ஜவுளிக் கடையிலிருந்து வர வெகு நேரமாகிவிட்டது. தீபாவளி சீசன். இந்த வருடம் அவளைச் சேலை மாடிக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். வந்ததும் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெசி, இந்த வாரமும் ஜெனரல்தான்."

"ம்."

மாவு ஆட்டி வைத்தேன். மத்தியானம் ரெஜினா அக்கா பாலக்கரையிலிருந்து வந்தபோது நான் மாடிக் கொடியில் ஜெசிந்தாவின் சேலைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "எங்க வீட்டு மனுசனை ஒரு வாரம் ஒங்கிட்ட டிரெய்னிங் அனுப்பட்டாடா?" என்றாள் அக்கா. சிரித்தாள். பாதிதான் சிரிப்பு.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். கம்பெனியில் கேட்டால், "அவ வைக்கிற சாம்பாரை நீங்க சாப்பிட்டதில்ல" என்பேன். அக்காவிடம், "காலம் மாறிப்போச்சுக்கா." உண்மையில் எங்களுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவோம். இருவருக்கும் ஒரே பசி. யார் முதலில் செருப்பைக் கழற்றினாரோ அவர் அரிசி களைந்தார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இதில் கொள்கை, லட்சியம் எதுவும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஷெரின் ஸ்கூலில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எழுத முடியவில்லை.

அக்டோபர் 8, புதன்

பிழைத்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இரண்டு நாள் காத்திருந்தேன்.

வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் மண்டைக்குள் சுற்றுவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

ஷெரினுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். ஏ ஷிஃப்ட் வாரத்தில் நான் விடியுமுன் போய்விடுவதால் காலை ஊசி ஜெசிந்தாவுடையது, இரவு ஊசி என்னுடையது. ஜெனரல் வாரத்தில் அப்படியே தலைகீழ். ஊசி போடாதவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். மூன்று வருடமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

திங்கட்கிழமை ஜெனரல். ஜெனரல் என்றால் காலை ஊசி என்னுடையது. பதினான்கு யூனிட் போட்டேன். போட்டுவிட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கீழே இறங்கினேன். ஜெசிந்தா குளித்துவிட்டு வந்தாள். போன வாரம் முழுக்கக் காலை ஊசியை நான் போட்டிருந்ததால், இந்த வாரம் நியாயமாகத் தன்னுடைய முறை என்று அவள் நினைத்திருக்கிறாள். ஷிஃப்ட் மாறினாலும் முறை மாறக் கூடாது என்பது அவள் கணக்கு. அவளும் பதினான்கு போட்டாள்.

சர்க்கரை அதிகமாக இருக்கும் நாட்களில் கூடுதலாக ஓர் ஊசி போடுவது உண்டு. அப்படித்தான் போல என்று பிள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

மூன்றாவது பீரியடில் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, கை காலெல்லாம் வெட்டி இழுத்ததாம்.

மற்ற வீடுகளில் இப்படி ஒரு குழப்பம் வந்தால், இது உன் வேலை என்று இருவருமே விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் இது என் வேலை என்று இருவருமே செய்துவிட்டோம்.

இன்று காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். நாங்கள் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா ஹெல்ப் பண்றது நல்ல விஷயம்தாம்மா. ஆனா ஊசி விஷயத்துல ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். அம்மா நீங்கதானே பாத்துக்கணும்?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். நான் ஷெரினின் போர்வையைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

டிஸ்சார்ஜ் ஆகி காட்டூர் வீட்டுக்கு வந்துவிட்டோம். லால்குடியிலிருந்து மாமா வந்திருந்தார். ஜெசிந்தாவின் அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பேத்தியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒரு மாடி முழுக்கச் சேலையை நிர்வாகம் பண்றியாமே. ஒத்தப் புள்ளைய நிர்வாகம் பண்ண முடியலையா ஒன்னால?"

ஜெசிந்தா ஆஸ்பத்திரிப் பையிலிருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். துவைக்க வேண்டிய துணிகள். அவற்றை மடிக்கத் தேவையே இல்லை.

பிறகு என் தோளில் கை வைத்தார். "மாப்பிள்ளை, நீங்க மனசு விட்டுடாதீங்க. ஒரு ஆம்பளை இவ்வளவு ஒத்தாசை பண்றதே பெருசு."

ஒத்தாசை. மூன்று நாளாக ஒருவரும் என்னிடம் இதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் எழுத மாட்டேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவரிடம் குறுக்கே பேசுவதும் முறையில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஜெசிந்தா கடையில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுவிட்டு வந்தாள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்த முதலாளிதான் கொடுப்பார்? அவர் நல்ல மனிதர். "இங்கிலீஷ் வருசப் பொறப்பு வரைக்கும் ஒன் எடத்தைக் காலியா வச்சிருப்பேம்மா. அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றாராம். பதினோரு வருட சர்வீஸ். பில் போடும் பெண்ணாகச் சேர்ந்து ஒரு மாடிக்குப் பொறுப்பாளியானவள்.

இன்சுலின் பேனா, ஊசி முனைகள், ரத்தம் சோதிக்கும் மெஷின் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துத் தன் பீரோ தட்டுக்கு மாற்றிவிட்டாள்.

"போட்டதும் காலண்டர்ல டிக் பண்ணச் சொன்னாங்களே, ஆஸ்பத்திரி நர்ஸ்" என்றேன்.

"ஒருத்தர் கைதானே. டிக் எதுக்குங்க?"

சரிதான். நல்லதுக்குத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. கீழ்வீட்டு ஓனரம்மா முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினார். ஷெரின் முறுக்கு மட்டும் தின்றாள்.

என் சட்டைகள் இப்போது இஸ்திரி போட்டு ஆணியில் தொங்குகின்றன. காலையில் எழுந்தால் காபி வருகிறது. குடித்த டம்ளரைக் காணோமே என்று பார்த்தால், அது கழுவி அலமாரிக்குப் போய்விட்டது. பழகிவிடும் போலிருக்கிறது.

இன்னொன்று. வீட்டுக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது ஜெசிந்தா என்னை "அமல்" என்பாள், "நீ" என்பாள். பெரியவர்கள் முன்னால்தான் "என்னங்க". மாமா ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. இன்னும் "என்னங்க"தான். மறந்துவிட்டாள் போல.

அக்டோபர் 27, திங்கள்

ஓ.டி.க்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு சம்பளத்தில் வீடு ஓட வேண்டாமா? காலை ஆறுக்குப் போனால் இரவுதான் வருகிறேன். வெல்டிங் செக்ஷன் பாலன், "இப்பதான்யா நீ குடும்பத் தலைவன்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூசை முடிந்து அப்பா அம்மா கல்லறைக்குப் போனோம். ரெஜினா அக்கா முன்பே வந்து புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்திருந்தாள். சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும் வரை வெயிலில் நின்றோம்.

"இப்பதான்டா ஒன் மூஞ்சில ஒரு தெளிவு இருக்கு" என்றாள் அக்கா. "வேலைக்கும் போயி, அடுப்படியிலயும் நின்னு, என்னமா ஒணந்து கெடந்த." சொல்லிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள். "அவ மெனக்கெட்டுப் பாத்துக்கிட்டா எல்லாம் சரியா நடக்குதுல்ல? அன்னைக்கே இப்படி இருந்திருந்தா அந்தப் புள்ளைக்கு அந்தப் பாடு வந்திருக்குமா?"

ஜெசிந்தா அணைந்துபோன மெழுகுவர்த்தியைப் பக்கத்துச் சுடரில் பிடித்து மறுபடி ஏற்றினாள். காற்றில் அது மறுபடியும் அணைந்தது.

ஷெரின் என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ஜெசிந்தா பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள்.

"என்னம்மா, படபடப்பா இருக்கா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லப்பா. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

பிள்ளை சரியாகத்தான் நடந்துகொள்கிறாள். யார் பார்த்துக்கொள்கிறாரோ அவரிடம்தானே சொல்ல வேண்டும்? எனக்கு ஏன் அது பிடிக்கவில்லை என்று தெரியவில்லை. சாமியார் தண்ணீர் தெளித்தபோது என் கண்ணாடியில் பட்டது. துடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஓ.டி. வீட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அதே.

நவம்பர் 26, புதன்

ஜெசிந்தாவுக்கு நேற்று இரவிலிருந்து கடுமையான காய்ச்சல். போர்வைக்குள் பல் கிட்டித்தது. நான் லீவு போட்டேன். காலையில் இட்லி ஊற்றினேன். இட்லிப் பானை இருக்கும் இடம் மாறியிருந்தது, தேடி எடுத்தேன். பீரோவிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து வந்து ஷெரினை உட்கார வைத்தேன்.

எவ்வளவு நாளாயிற்று இதைக் கையில் பிடித்து. முனையைத் திருகி மாட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பி எண்ணை வைத்தேன். பதினான்கு.

ஷெரின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா, பதினாலு இல்ல. இப்ப பன்னெண்டு. ஆஸ்பத்திரியிலயே கொறைச்சுட்டாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா?"

அவள் என் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் கை ஆடியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு போட்டாள். போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள்.

நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. பாலனுக்குத் தெரியாது, சூப்பர்வைசருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

நவம்பர் 27, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. மத்தியானம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷெரின் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்க வேண்டாம்.

"அளவு மாறுனதை நீ சொல்லியிருக்கலாம்ல?"

"ஆஸ்பத்திரியிலதான மாத்துனாங்க. நீங்களும்தான் அங்க இருந்தீங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"நீங்க கேக்கல." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்குறேன். ஷெரினுக்கு மொத ஊசி போட்டது யாரு?"

கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நர்ஸ், அம்மா மட்டும் உள்ள வாங்கன்னாங்க. நான் போனேன். என் கை நடுங்குச்சு, முடியலன்னு அழுதுட்டு வெளிய வந்துட்டேன். நீதான் உள்ள போன. வெறும் ஊசியை ஒன் வயித்துல குத்திப் பாத்துட்டு அவளுக்குப் போட்ட. ஒரு வாரம் நீதான் போட்ட. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான், அமல். அதெல்லாம் ஒத்தாசையா?"

"ஒங்கப்பா ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாரு..."

"அவரு சொல்லட்டும். டாக்டர் சொல்லட்டும், ஒங்கக்கா சொல்லட்டும். எல்லாருக்கும் பதில் சொல்ல நான் ரெடியா இருந்தேன். ஒன்னைத் திரும்பிப் பாத்தேன். நீ போர்வையை இழுத்து விட்டுக்கிட்டு இருந்த." சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேலையில பாதி பாதின்னு பத்து வருசமா ஊரெல்லாம் சொன்னோம். தப்பும் ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். பழி மட்டும் எப்படி முழுசா எனக்கு வந்துச்சு? ஒனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. அதான் வாயைத் தொறக்கல."

கோபத்தில் என்னை மறுபடி "அமல்" என்று சொல்லிவிட்டாள். அதைக் கவனித்த நான் எப்படிப்பட்ட ஆள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பேச்சுக்கு நடுவில் எனக்கு அதுதான் முதலில் காதில் விழுந்தது.

சௌகரியமாகத்தான் இருந்தது. வேறு யாரும் படிக்கப்போவதில்லை, எழுதி வைக்கிறேன். ஷெரின் கை காலை வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தாள் என்று கேட்ட நொடியிலிருந்து எனக்கு ஒரு பயம். இதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது என்று. அந்தப் பயத்தை ஆளாளுக்கு வந்து என் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள். இறக்கி எங்கே வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் நம் குற்றங்களை அறிக்கையிட்டு மார்பில் தட்டிக்கொள்ளும் இடம் வந்தது. சின்ன வயதிலிருந்து தட்டுகிறேன். ஒரு கோவில் நிறைய ஜனம் சேர்ந்து தட்டும்போது யார் குற்றம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் அதுதான் வசதி. இன்று கையைத் தூக்கவே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் ஜெசிந்தா தட்டிக்கொண்டாள். கொஞ்சம் பலமாகவே.

டிசம்பர் 4, வியாழன்

ஓ.டி.யை நிறுத்திவிட்டேன். வந்ததும் பாத்திரம் தேய்க்கப் போனேன். "வைங்க, நான் செஞ்சுக்கறேன்" என்றாள். துணி துவைக்கப் போனால் துவைத்துக் காய்ந்துவிட்டது. காய் நறுக்க உட்கார்ந்தால் கத்தியை வாங்கிக்கொள்கிறாள். கோபமாகக்கூட இல்லை. விருந்தாளியை வேலை செய்ய விடாத மரியாதை அது.

நான் பாத்திரத்தைக் கேட்டால் அவள் எப்படித் தருவாள்? அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியது பாத்திரம் இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

செக்கப். மூவரும் போனோம். தப்பில் பாதி என்னுடையது என்று டாக்டரம்மாவிடம் இன்று சொல்லிவிடுவதாக முடிவு செய்து, வண்டி ஓட்டிக்கொண்டே மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இரவு அளவில் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும் என்றார். பிறகு நிமிர்ந்து, "வேலையை விட்டுட்டு நீங்களே முழுசா பாத்துக்கறது நல்ல முடிவும்மா. வித்தியாசம் தெரியுது பாருங்க" என்றார்.

"லீவுதான் டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

வாயைத் திறந்தேன். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு கூட்டம். அவர் பேனாவை மூடிவிட்டார். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன்.

நான் சொல்வேன் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாளா என்றே தெரியவில்லை. எதிர்பார்க்காமல் இருந்திருந்தால் அது இன்னும் மோசம்.

கடையிலிருந்து முதலாளி ஃபோன் செய்தாராம். ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். லால்குடியில் மாமா வீட்டில் சாப்பாடு. ரெஜினா அக்காவையும் அழைத்திருந்தார். மட்டன் பிரியாணியை ஜெசிந்தாதான் செய்தாள். தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். ஷெரின் கை கழுவிவிட்டு வந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா சந்தோஷமாக இருந்தார். அக்காவிடம் சொன்னார்: "கடை வேண்டாம்னு இவ முழுசா எழுதிக் குடுத்துட்டான்னா எனக்கு நிம்மதி. இப்பதான் குடும்பம் குடும்பமா இருக்கு. பாவம், மாப்பிள்ளை எவ்வளவு நாளைக்குத்தான் ஒத்தாசை பண்ணுவாரு?"

ஜெசிந்தா ரெய்தா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. அது எனக்கு டாக்டரின் பேச்சைவிடவும், அக்காவின் பேச்சைவிடவும் பயத்தைக் கொடுத்தது.

"அது ஒத்தாசை இல்ல மாமா" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை?" என்றார்.

"காலை ஊசி அன்னைக்கு என் பொறுப்பு. போட்டது நான். போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லாம கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் போனதும் நான். அவ கேக்காமப் போட்டா, நான் சொல்லாமப் போட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் புள்ளைய அங்க கொண்டுபோய் விட்டோம். அவளைத் திட்டுறதா இருந்தா பாதியை என்னைத் திட்டுங்க."

"நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்குடா இந்தப் பேச்சு?" என்றாள் அக்கா. "அவரு ஒன்னைக் குத்தமா சொன்னாரு?"

"சொல்லலக்கா. அதான்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதர். அந்தப் பார்வை என்மீது இதுவரை விழுந்ததே இல்லை. மாப்பிள்ளைமீது விழாது.

"இதை அன்னைக்கு ஏன் சொல்லல?"

"பயம் மாமா."

"ரெண்டரை மாசமா என் பொண்ணை நான் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." அவர் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஊசி போட்டதையே சொல்லாதவரு, இதையும் சொல்லல. அப்ப என் பேத்திய ஒங்களை நம்பி நான் எப்படி விடுறது?"

காது சுட்டது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நான் அவளைத் தூக்கி வளர்த்தவன், முதல் ஊசி போட்டவன், என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று கத்தலாம் போலிருந்தது. பிறகுதான் உறைத்தது. இதே கேள்விக்குத்தான் ஜெசிந்தா ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வீட்டிலும் தனியாக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு, கை நடுங்க நடுங்க ஊசி போட்டு.

"தெரியல மாமா. நம்புற மாதிரி நடந்துக்கறேன்" என்றேன்.

"பாக்கலாம். இனிமே தெனம் காலையில ஒங்களுக்குத்தான் ஃபோன் பண்ணுவேன்." இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவர் மகளைக் கடந்து போகும்போது நின்றார். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காந்து சாப்பிடும்மா, நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிக் கை கழுவப் போனார்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷெரின் நடுவில் தூங்கிவிட்டாள். அக்கா பாலக்கரைக்கு வேறு பஸ். கொள்ளிடம் பாலம் தாண்டும்போது ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காலையில பன்னெண்டு. ராத்திரி ஏழு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ராத்திரி அளவு போன செக்கப்புலதான் மாறுச்சு. ஓடியாடி விளையாடுற நாள்ல ஒண்ணு கொறைக்கணும். வயித்துல வலது பக்கம் தடிச்சுப்போயிருக்கு, அங்க கொஞ்ச நாளைக்குப் போடாத. சொல்லு பாப்போம்."

சொன்னேன். ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். திருத்தினாள். மறுபடி முழுக்கச் சொல்ல வைத்தாள்.

"போட்டா வாயால சொல்லணும். கேட்டவங்க திருப்பிச் சொல்லணும். சொல்லாத வரைக்கும் போட்டதா கணக்கில்ல" என்றாள். பிறகு ஷெரினின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, "திங்கக்கெழமை நான் கடைக்குப் போறேன்."

டிசம்பர் 27, சனி

முதலாளிக்கு ஃபோன் செய்துவிட்டாள். ஷெரினுக்கு அரையாண்டு விடுமுறை. பகலில் கீழ்வீட்டு ஓனரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரெஜினா அக்கா என்னிடம் பேசுவதில்லை. பிரியாணியைக் கெடுத்துவிட்டேனாம்.

டிசம்பர் 29, திங்கள்

ஜெனரல். காலை ஊசி என்னுடையது. பன்னிரண்டு.

எண் சரியா என்று இரண்டு தரம் பார்த்தேன். ஷெரின் பார்த்தாள், ஆனால் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. "போட்டாச்சு, பன்னெண்டு" என்று உரக்கச் சொன்னேன். "போட்டாச்சு, பன்னெண்டு" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

ஏழரைக்கு மாமாவின் ஃபோன். எத்தனை யூனிட், எந்தப் பக்கம், போட்டு எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டாள், எத்தனை இட்லி, தின்றதை என் கண்ணால் பார்த்தேனா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு ஃபோனைப் பேத்தியிடம் கொடுக்கச் சொல்லி, நான் சொன்னதெல்லாம் நிஜமா என்று அவளிடம் கேட்டார். எனக்கு எதிரிலேயே. நாற்பத்தொரு வயதில் திருடனைப்போல நின்றேன். எரிச்சல் வந்தது. நாளைக்கும் கூப்பிடுவார், நாளை மறுநாளும் கூப்பிடுவார்.

ஜெசிந்தா பக்கத்தில் கண்ணாடி முன் நின்று, கடையின் யூனிஃபார்ம் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை.